பிரீவீல் இல்லாத சைக்கிள்: உல்லாஸ்நகரில் நல்ல கடையைத் தேடுவது எப்படி?

உல்லாஸ்நகருக்கும் தமிழர்களுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. தேசப் பிரிவினையின்போது வீடு வாசலை இழந்து வந்த சிந்தி மக்கள், கல்யாணுக்கு அருகே இருந்த ராணுவ முகாமில் குடியமர்த்தப்பட்டார்கள். அந்த முகாமை நகரமாக்க 1949-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந்தேதி அடிக்கல் நாட்டியவர், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி. முகாம் போய் நகரம் வந்தாலும், ஒன்றாம் கேம்ப் முதல் ஐந்தாம் கேம்ப் வரை என்றுதான் இன்றும் இங்கே விலாசம் சொல்கிறார்கள்.

அதே 1949-ல்தான் சென்னையை அடுத்த அம்பத்தூரில், முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கிருந்து வந்த ஹெர்குலிஸ் சைக்கிளின் காரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவர்கள் நம்மில் எத்தனையோ பேர். மும்பையிலும் ஒரு சைக்கிள் ஆலை இருந்தது. ஒர்லியில் இயங்கிய ஹிந்த் சைக்கிள்ஸ் அது. 1980-ல் தனிச் சட்டம் போட்டு அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டும், கடைசியில் நிலைக்கவில்லை. சோனிபட்டில் பிறந்த அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் ஆலையும் 2020 ஜூன் 3-ந்தேதி வேலையை நிறுத்தியது. அன்றுதான் உலக சைக்கிள் தினம்!

ஆலைகள் மூடினாலும் அவற்றில் பிறந்த சைக்கிள்கள் சாகவில்லை. சால்களின் மாடிப்படி அடியிலும், ஸ்டேஷன் ஓரத்திலும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அந்தப் பழைய இரும்புச் சட்டங்களுக்கு இப்போது ஒரு புது மவுசு வந்திருக்கிறது. மட்கார்டு, காரியர், செயின்கவர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, பிரீவீலையும் எடுத்துவிட்டு, ‘பிக்சட்’ சைக்கிளாக மாற்றி ஓட்டுவதில் இளைஞர்களுக்கு ஆசை. உங்கள் வீட்டுப் பிள்ளையும் கேட்கலாம். கேட்டால் என்ன பதில் சொல்வது? செய்வதென்றால் எந்தக் கடையில் செய்வது?

பிக்சட் என்றால் என்ன?

சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தானே ஓடும். பின்சக்கரத்தில் உள்ள பிரீவீல், ‘டிக் டிக்’ என்ற சத்தத்தோடு அதற்கு இடம் கொடுக்கிறது. பிக்சட் சைக்கிளில் அந்தப் பிரீவீல் கிடையாது. பல்சக்கரம் ஹப்போடு இறுகப் பிணைந்திருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். கால் ஓய முடியாது. காலால் எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும். பின்னோக்கி மிதித்தால் சைக்கிளும் பின்னால் போகும். சர்க்கஸ் கூடாரத்தில் சைக்கிளைப் பின்பக்கமாக ஓட்டிக் காட்டும் வித்தைக்கு இதுதான் ரகசியம்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரீவீல் பரவும்வரை, சைக்கிள் என்றாலே இப்படித்தான் இருந்தது. பந்தய மைதானத்தில் இன்றும் இதுதான் சட்டம். ஜப்பானில் 1948-ல் தொடங்கிய ‘கெய்ரின்’ பந்தயத்தில் ஓடுபவை பிரீவீலும் பிரேக்கும் இல்லாத சைக்கிள்களே. 2000-ம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கிலும் அந்தப் பந்தயம் உண்டு. அந்தமானைச் சேர்ந்த ஈசோ ஆல்பென் 2018-ல் ஜூனியர் உலகப் போட்டியின் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கி, நம் நாட்டின் பெயரை அந்தப் பட்டியலில் ஏற்றினார்.

மைதானத்தில் எதிரே ஆட்டோ வராது, எருமை குறுக்கே நிற்காது. அங்கே பிரேக் இல்லாமல் ஓடலாம். ஷாஹாட் மேம்பாலத்து இறக்கத்தில் அது நடக்குமா? சாலையில் ஓட்டும் பிக்சட் சைக்கிளுக்கு முன் பிரேக் கட்டாயம் வேண்டும். பின் பிரேக்கும் இருந்தால் நல்லது. பிரேக்கைக் கழற்றச் சொல்லும் பிள்ளையிடமும், கேட்டவுடன் கழற்றித் தரும் கடைக்காரரிடமும் ஒரே எச்சரிக்கை தேவை.

வெல்டிங் என்னும் ஆபத்து

உல்லாஸ்நகரில் கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள். ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்றால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று அர்த்தம் என்ற வேடிக்கைப் பேச்சு தென்மும்பை வரைக்கும் பிரசித்தம். கைவேலைக்கும் குறைவில்லை. வெல்டிங் பட்டறையும் லேத் பட்டறையும் தேடி நடக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வசதியே இங்கே ஆபத்தாக முடிகிறது.

பிக்சட் செய்து தரச் சொன்னால், சில கடைகளில் செய்வது இதுதான்: பழைய பிரீவீலை எடுத்து, உள்ளே சுற்றும் பாகத்தையும் வெளிப்பாகத்தையும் சேர்த்து வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். அரைமணி வேலை. செலவும் சொற்பம். சக்கரமும் பிக்சட் போலவே சுற்றும்.

எங்கே ஆபத்து? பிரீவீல் ஹப்பில் மாட்டப்படுவது வலது மரையில். முன்னோக்கி மிதிக்க மிதிக்க அது இறுகும். பின்னோக்கி அழுத்தினால் கழலப் பார்க்கும். சாதாரண சைக்கிளில் பின்னோக்கி மிதித்தால் பிரீவீல் சும்மா சுற்றுவதால் கவலை இல்லை. வெல்டிங் வைத்த பிறகோ, வேகத்தைக் குறைக்கக் கால் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் மரை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. சைக்கிளை நிறுத்தியே ஆகவேண்டிய நேரத்தில்தான் பலமாக அழுத்துவோம். அந்த நேரத்தில்தான் அது கழன்று வரும். வெல்டிங் சூட்டில் இரும்பின் பதம் மாறிப் பல் உடைவதும் உண்டு.

சரியான முறை இரண்டு. முதலாவது, பந்தய ஹப். இதில் பல்சக்கரத்துக்கு ஒரு மரையும், அதற்கு வெளியே பூட்டு வளையத்துக்கு எதிர்ப்பக்க மரையும் இருக்கும். பல்சக்கரம் கழல முயன்றால் வளையம் மேலும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, டிஸ்க் பிரேக் சைக்கிளின் பின் ஹப். டிஸ்க் மாட்டும் இடத்தில் ஆறு போல்டு வைத்து அதற்கென்று செய்த பல்சக்கரத்தை முடுக்கலாம். மரை கழலும் பேச்சே இல்லை. ஆனால் செயின் நேராக வருமாறு ஆக்சிலில் வாஷர் மாற்றிப் போட வேண்டும். பல்சக்கரத்தை லேத்தில் கடைந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால், எந்த இரும்பு, பதம் ஏற்றுவீர்களா என்று கேளுங்கள். சாதா இரும்பில் செய்த பல் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

நல்ல மிஸ்திரிக்கு அடையாளம்

போர்டைப் பார்த்துக் கடையை முடிவு செய்யக்கூடாது. பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர் கைராசிக்காரராக இருப்பார். கண்ணாடிக் கதவு போட்ட கடையில் புது சைக்கிள் விற்க மட்டுமே தெரிந்திருக்கும். முதலில் ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். பின்சக்கரக் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள், அல்லது ஹப்புக்கு ஓவராயிலிங் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

கோனைக் கழற்ற அவர் மெல்லிய ஸ்பேனரை எடுக்கிறாரா, சுத்தியலும் உளியும் எடுக்கிறாரா? பிரீவீலைக் கழற்ற அதற்கான சாவி வைத்திருக்கிறாரா? பழைய கிரீசைத் துடைத்து எடுத்துவிட்டுப் புதிது வைக்கிறாரா, அதன் மேலேயே அப்புகிறாரா? பால்ரஸை எண்ணிப் போடுகிறாரா? (இங்கே அதைச் ‘சர்ரா’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.) வேலை முடிந்ததும் ஆக்சிலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக்கூடாது, அதே நேரத்தில் விரலால் தொட்டாலே சுற்ற வேண்டும். 2005 ஜூலை 26 வெள்ளத்தையும் அதன் பிறகு வந்த மழைக்காலங்களையும் பார்த்தவர்களுக்கு, ஹப்புக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கோட்டம் எடுப்பதிலும் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். நம் பழைய சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. தெரிந்தவர் ஒவ்வொரு கம்பியையும் தட்டி ஓசை கேட்பார். கால் சுற்று, அரைச் சுற்று என்று நிதானமாகத் திருப்புவார். தெரியாதவர் ஒரே கம்பியை முறுக்கியே ரிம்மை நேராக்குவார். பத்து நாளில் அந்தக் கம்பி அறுந்துவிடும். பிக்சட் சைக்கிளில் பின்சக்கரம் முன்னும் பின்னும் இழுபடுவதால் இந்த வேலை சுத்தமாக இருக்க வேண்டும். புதிதாகக் கட்டிய சக்கரத்தைச் சில நாட்கள் ஓட்டியபின் மறுபடியும் கொண்டுவரச் சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

இன்னொரு சோதனை உண்டு. ‘இதை வெல்டிங் வைத்துத் தர முடியுமா?’ என்று நீங்களே கேளுங்கள். ‘வேண்டாம், ஆபத்து’ என்று சொல்லி வருகிற காசை விடுகிறவரே நமக்கு வேண்டியவர்.

சட்டமும் பல்லும்

பழைய ரோட்ஸ்டர் சட்டம் இந்த வேலைக்கு ஏற்றது. பின்சக்கரம் உட்காரும் பிளவு நீளவாக்கில் இருப்பதால், சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்கலாம். பிளவு மேல் கீழாக இருக்கும் புது கியர் சைக்கிள் சட்டங்களில் அது முடியாது. சட்டம் வாங்குமுன் பெயிண்டைப் பார்க்காதீர்கள். பார்கள் கூடும் இடங்களில் வெடிப்பு இருக்கிறதா, போர்க் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ராடு பிரேக்குக்கான ரிம்மின் பக்கங்கள் வளைந்திருக்கும். அதில் காலிப்பர் பிரேக்கின் ரப்பர் சரியாகப் பிடிக்காது. பிரேக்கை மாற்றினால் ரிம்மையும் மாற்ற வேண்டும்.

முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். 28 அங்குலச் சக்கரத்தில் ஒரு மிதிக்குச் சுமார் 5.4 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டரைத் தாண்டும். இறக்கத்தில் 29 கிலோமீட்டர் வேகம் வந்தால் கால் நிமிஷத்துக்கு 90 தடவை சுற்றியாக வேண்டும். பழகாத காலுக்கு அது கஷ்டம். பின்னால் 20 பல் போட்டால் ஒரு மிதிக்கு 4.9 மீட்டர், ஏறுவதும் நிறுத்துவதும் சுலபம், இறக்கத்தில் கால் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். தினமும் போகும் வழியைச் சொல்லி மிஸ்திரியிடம் யோசனை கேளுங்கள்.

செயின் நடுவில் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட்டம் இருந்தால் போதும். அதற்கு மேல் தொங்கினால் ஓட்டத்தில் கழலும். பிக்சட் சைக்கிளில் செயின் கழன்று சிக்கினால் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

சாமான் எங்கே கிடைக்கும்?

டயர், டியூப், கம்பி, பெடல் போன்றவற்றுக்கு உல்லாஸ்நகர், கல்யாண் கடைகளே போதும். பந்தய ஹப் போன்ற அபூர்வச் சாமானுக்குக் கல்பாதேவிக் கடைவீதிக்குப் போக வேண்டியிருக்கும். அங்கும் இல்லையென்றால் லூதியானாவிலிருந்து வரவழைக்க வேண்டும். வாங்கும் முன் மிஸ்திரியிடம் அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘மரை சேரவில்லை’ என்று திரும்பவும் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போவதைத் தவிர்க்கலாம். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பிரீவீலைப் பத்திரமாக வையுங்கள். பிக்சட் பிடிக்காவிட்டால் மறுபடி மாட்டிக்கொள்ள உதவும்.

யாருக்கு வேண்டாம்?

தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்லிப் பாத்திரம் கட்டிக்கொண்டு கிளம்பும் நம்மவர்களுக்கும், பால், பேப்பர் போடுகிறவர்களுக்கும் பிக்சட் சைக்கிள் உதவாது. பாரம் தள்ளும் வேகத்தைக் காலால் அடக்க முடியாது. திருப்பத்தில் சாய்ந்தால் பெடல் தரையில் இடிக்கும். காரியரில் குழந்தையை வைத்து ஓட்டுகிறவர்களும் இதை நினைக்கவே வேண்டாம்.

மற்றவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது. லுங்கி, அகலக் கால்சட்டை, தொங்கும் ஷூ கயிறு எதுவும் கூடாது. செயினில் துணி மாட்டினால் சாதாரண சைக்கிளில் காலை நிறுத்தலாம். இதில் சக்கரம் நிற்கும்வரை அது காலையும் இழுத்துக்கொண்டே போகும். இரண்டாவது, சக்கரத்தைச் சுற்றவிட்டுக்கொண்டு செயினைத் துணியால் துடைக்கும் பழக்கம். பிரீவீல் இல்லாத சக்கரம் சுற்றுகிற வேகத்தில் துணியோடு விரலையும் பல்லுக்குள் இழுத்துவிடும். இப்படி விரல் நுனியை இழந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். லேத்தில், பிரஸ்ஸில், தறியில் நிற்கிற தொழிலாளிக்கு விரலின் விலை தெரியும்.

ஆகவே, பிள்ளை ஆசைப்பட்டால் தடுக்க வேண்டியதில்லை. முன் பிரேக் இருக்கட்டும், பூட்டு வளையம் உள்ள ஹப் இருக்கட்டும், செயினைச் சக்கரம் நின்றபிறகு துடைக்கட்டும். முதல் ஒரு வாரம் கூட்டமில்லாத மைதானத்தில் பழகிவிட்டு, பிறகு ரோட்டுக்கு வரட்டும்.