மூன்றா, எட்டா?

இரவு பத்தரைக்கு வட்ஸ்அப்பில் ஒரு காணி உறுதி வந்தது. பாயில் விரித்து எடுத்த பன்னிரண்டு படங்கள். மூன்றில் பெருவிரல் விழுந்திருந்தது. நொத்தாரிசின் இலக்கம் இருக்கும் மூலை மின்குமிழ் வெளிச்சத்தில் வெளுத்துப்போயிருந்தது. கூடவே ஒரு குரல்பதிவு: "நானா, நாளைக்குக் காலையில வேணும்."

கற்பிட்டிப் பக்கத்து எத்தாளையில் ஆவணங்களைத் தட்டச்சு செய்து மொழிபெயர்ப்பது என் தொழில். மொழிபெயர்ப்பில் எனக்குக் களைப்பில்லை. தாள் வந்து சேரும் கோலம்தான் களைப்பு. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும். 3 எது, 8 எது என்று தெரியாது. பேர்ச் கணக்கில் அது அயல்வீட்டோடு வழக்காடும் அளவுக்குப் பெரிய வித்தியாசம்.

பாமினியில் அடித்த கோப்புகள் இன்னொரு தலைவலி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான். மெய்யெழுத்துப் புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி. ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலிருந்தே இடம் உண்டு. மாற்றித் தரும் மென்பொருளும் உண்டு. ஆனால் அது பழைய அடையாள அட்டை எண்ணின் கடைசியில் நிற்கும் ஆங்கில 'வீ'யையும் 'ஏ' ஆக்கிவிடும். ஒவ்வொரு எண்ணாகத் திருத்தவேண்டும்.

இதற்கெல்லாம் கோபப்படுவேன். ஒரு மூதாட்டி கொண்டுவந்த பிறப்புச் சான்றிதழைப் பார்த்து மட்டும் கோபம் வரவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். அவரும் ஒருவர். பொலித்தீனில் மடித்து இடுப்பில் செருகிக் கொண்டுவந்த தாள் அது. கிழியத் தொடங்கியதும் லெமினேட் பண்ணியிருக்கிறார். மடிப்பில் வாப்பாவின் பெயர் பாதி அழிந்திருந்தது. பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை பிடிக்காது.

"இது போதாதா மகன்?"

மன்னாருக்கு விண்ணப்பித்துப் புதுப் பிரதி எடுக்கச் சொன்னேன். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன்; காசு வாங்கவில்லை.

காணி உறுதிக்காரருக்குப் படங்கள் வந்த இரவே பதில் போட்டேன்: மூலத்தைக் கொண்டுவாங்க. காலையில் தலையணை உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். வாசல் வெளிச்சத்தில் விரித்தோம். படத்தில் நான் 8 என்று வாசித்தது 3.