காற்றில் கலந்த ஐதரோகாபன் ஆவிகளை அளத்தல்

பெற்றோல் நிலையத்திலும் வர்ணப் பட்டறையிலும் எழும் மணத்தை யாவரும் அறிவர். பென்சீன், தொலுயீன், சைலீன் முதலிய ஐதரோகாபன் ஆவிகள் அவ்விடங்களிற் காற்றோடு கலக்கின்றன. இவற்றுள் பென்சீன் குருதிப் புற்றுநோயை விளைவிக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் 1987ஆம் ஆண்டு விதி, தொழிலிடக் காற்றில் இதனை எட்டு மணி நேரச் சராசரியாகப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கென வரையறுத்தது. இவ்வளவில் அதன் மணத்தைப் பலர் உணரார். ஆதலின் மூக்கை நம்பியிருத்தல் தகாது, அளத்தல் வேண்டும்.

காற்றைக் கரி நிறைந்த குழாயினூடாகச் செலுத்தி, கரி பற்றிய ஆவியைக் காபனிருசல்பைட்டிற் கரைத்தெடுத்தல் ஒரு பழைய முறையாம். அக்கரைப்பானோ நஞ்சுடையது; எளிதில் தீப்பற்றுவது. கரைப்பானை அறவே நீக்கிய திண்ம அவத்தை நுண்பிரித்தெடுப்பு என்னும் முறையைக் கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக்கழகத்தில் யானுஷ் பவ்லிஷினும் அவர்தம் குழுவினரும் 1990ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இம்முறையின் கருவி மிக எளியது. ஒரு சென்ரிமீற்றர் நீளமான சிலிக்கா நாரொன்று சிலிக்கோன் பல்பகுதியத்தாற் பூசப்பட்டு, ஊசியொன்றினுள் வைக்கப்படும். நாரை ஊசியினின்றும் வெளியே நீட்டிக் காற்றில் வைத்தால் ஆவி பூச்சினுட் புகும். சிறிது நேரத்திற் காற்றுக்கும் பூச்சுக்குமிடையே சமநிலை ஏற்படும். காற்றிலுள்ள ஆவி முழுவதையும் பிடிக்க வேண்டுவதில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதமன்றோ!

சமநிலையிற் பூச்சிலுள்ள செறிவு காற்றிலுள்ள செறிவின் குறித்த மடங்காகும். 25 பாகை செல்சியசில் பென்சீனுக்கு அம்மடங்கு ஏறத்தாழ 300. பூச்சின் கனவளவு 0.6 மைக்கிரோலீற்றராயின், 0.18 மில்லிலீற்றர் காற்றிலுள்ள பென்சீனின் அளவு நாரிற் சேரும். மேற்கூறிய எல்லையில் இஃது ஏறத்தாழ 0.6 நனோகிராமாகும்.

இச்சிற்றளவை அளப்பது வாயு நிறப்பதிவியல். இதனை 1952ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் யேம்சும் மாட்டினும் வெளியிட்டனர். நார் ஏறத்தாழ 250 பாகை வெப்பமுள்ள அறையிற் செருகப்பட்டதும் ஆவி வெளிப்படும். ஈலியம் அதனை நீண்ட நுண்குழாயினூடாக இட்டுச் செல்லும். 80 பாகையிற் கொதிக்கும் பென்சீன் முன்னும், 111 பாகையிற் கொதிக்கும் தொலுயீன் பின்னுமாக வெளியேறும். முடிவில் ஐதரசன் சுவாலையில் எரிந்து அவை தோற்றுவிக்கும் அயன்கள் மின்னோட்டமாகப் பதிவாகும். வெளிவரும் நேரம் பொருளையும், பதிவு முகட்டின் பரப்பு அளவையும் உணர்த்தும். ஒரே நேரத்தில் இரு பொருள்கள் வெளிவரக்கூடுமாகலின், ஐயமுற்றவிடத்துத் திணிவு நிறமாலைமானியால் உறுதிசெய்தல் நன்று.

நகரக் காற்றிலுள்ள மிகக் குறைந்த பென்சீனுக்குச் சிலிக்கோன் பூச்சுப் போதாது. நுண்டுளைக் காபன் கலந்த பூச்சு மிகுதியாகப் பற்றும்; ஆயினும் அதன் மேற்பரப்பில் இடம்பிடிக்க ஆவிகள் தம்முட் போட்டியிடும். பாரமான ஆவிகள் பென்சீனை வெளியேற்றவுங் கூடும்.

வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளல் யாவற்றினும் முதன்மையானது. வெப்பம் ஏறுந்தோறும் நார் பற்றும் அளவு குறையும். வெம்மைமிக்க பட்டறையில் எடுத்த நாரை 25 பாகைக்குரிய எண்ணாற் கணித்தால், உள்ளதிலும் குறைந்த பென்சீனே விடையாக வரும். தீங்கான காற்று நற்காற்றெனச் சான்று பெறும். அக்கணக்குப் பிழையின் பயனை நுகர்பவன் அங்கு மூச்சு விடும் தொழிலாளியே.