பல்லில் கறை, மேப்பில் புள்ளி

தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களில் பலருடைய பற்களில் பழுப்புக் கறையைப் பார்க்கலாம். போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருப்பதால் வரும் ஃப்ளோரோசிஸ் அது. பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும்கூட இறுகிவிடும். தண்ணீரின் நிறமோ வாசனையோ இதைக் காட்டிக் கொடுக்காது. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. பரிசோதனை செய்தால்தான் தெரியும். அந்த முடிவுகளை மேப்பில் போட்டுப் பார்க்க, க்யூஜிஐஎஸ் என்ற இலவச சாஃப்ட்வேர் போதும்.

எக்ஸெல்லில் ஒவ்வொரு போர்வெல்லுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, லிட்டருக்கு எத்தனை மி.கி. ஃப்ளோரைடு என்று டைப் செய்து, சிஎஸ்வி ஃபைலாக சேவ் செய்யுங்கள். க்யூஜிஐஎஸ்ஸில் லேயர் மெனு, ஆட் லேயர், ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர் என்று செல்லுங்கள். எக்ஸ் ஃபீல்டில் தீர்க்கரேகை, ஒய் ஃபீல்டில் அட்சரேகை. நான் முதல் தடவை மாற்றிக் கொடுத்துவிட்டேன். தர்மபுரி போர்வெல்கள் எல்லாம் வட துருவத்துக்குப் பக்கத்துக் கடலில் போய் உட்கார்ந்தன!

அடுத்து லேயரை டபுள் கிளிக் செய்து, சிம்பாலஜியில் கிராஜுவேட்டட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 1 மி.கி. வரை பச்சை, 1.5 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி 1 மி.கி. வரை ஏற்கலாம். வேறு நீர் ஆதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதி உண்டு.

புள்ளிகளுக்கு இடைப்பட்ட இடத்தில் வண்ணம் நிரப்பாதீர்கள். இங்கே தண்ணீர் பாறை இடுக்குகளில் ஓடுகிறது. பக்கத்துப் பக்கத்துப் போர்வெல்லிலேயே அளவு மாறலாம்.

அடுத்தது, பற்களில் கறை உள்ளவர்களின் லேயர். பெயர் வேண்டாம், வயதும் இடமும் போதும். இங்கேதான் நான் ஏமாந்தேன். போர்வெல்கள் பச்சையாக இருந்த ஓர் ஊரில் கறைப் பற்களோடு பல பெண்கள். விசாரித்தால், எல்லோரும் வேறு ஊர்களில் பிறந்து, திருமணமாகி வந்தவர்கள். பற்கள் உருவாகும் சிறு வயதில் குடித்த தண்ணீர்தான் கறையை உண்டாக்கும். எனவே இப்போதைய வீட்டை அல்ல, எட்டு வயது வரை வளர்ந்த ஊரைக் கேட்டுக் குறியுங்கள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பிறகு பிறந்த குழந்தைகளுக்குத் தனி லேயர் போடுங்கள். அதிலும் புள்ளிகள் விழுந்தால், அந்தத் தெருவில் இன்னும் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள்.