வளர்ப்புப் பாம்பின் சினை அறிதல்

வளர்ப்புப் பாம்பின் சினை அறிதல் என்பது பெண் பாம்பின் வயிற்றில் முட்டைகள் உள்ளனவா என்பதை அதன் உடல் மாற்றங்களையும் நடத்தையையும் கொண்டு கண்டறிவதாகும். இரை விழுங்கினாலும், மலம் கட்டினாலும், கொழுப்புச் சேர்ந்தாலும் பாம்பின் உடல் பருக்கும். எனவே வயிறு பெருத்திருப்பதை மட்டும் வைத்து அது சினையாக இருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது. மாற்றங்கள் எந்த வரிசையில், எத்தனை நாள் இடைவெளியில் தோன்றுகின்றன என்பதே நம்பகமான சான்று. உலகெங்கும் அதிகமாக வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்றான பந்து மலைப்பாம்பை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இது இங்கே விளக்கப்படுகிறது. மேற்கு, நடு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பாம்பு, அச்சம் ஏற்பட்டால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் இப்பெயர் பெற்றது.

முதலில் அறிய வேண்டியவை

எல்லாப் பாம்புகளும் முட்டையிடுவதில்லை. மலைப்பாம்புகள், வட அமெரிக்காவின் சோளப் பாம்பு ஆகியவை முட்டையிடுகின்றன. போவா வகைகளில் பெரும்பாலானவை குட்டி ஈனுகின்றன. தமிழ்நாட்டில் காணப்படும் பாம்புகளிலும் இவ்வேறுபாடு உண்டு. நல்லபாம்பும் சாரைப்பாம்பும் முட்டையிடும். கண்ணாடி விரியன் குட்டி ஈனும்.

ஆண் பாம்புடன் சேராத பெண் பாம்பும் முட்டையிடலாம். அவை பெரும்பாலும் கருவுறாத முட்டைகளாகவே இருக்கும். பெண் பாம்பு ஆணின் விந்தணுக்களை நீண்ட காலம் உடலில் சேமித்து வைத்துப் பின்னர் கருவுறுவதும் உண்டு. ஆணின் பங்கின்றியே கரு உருவாகும் கன்னி இனப்பெருக்கமும் சில பாம்புகளில் அறியப்பட்டுள்ளது. 2020ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில், 15 ஆண்டுகளுக்கும் மேலாக ஆண் துணையின்றி இருந்த, 60 வயதைக் கடந்த பந்து மலைப்பாம்பு ஒன்று 7 முட்டைகள் இட்டது. ஆகவே, பாம்பு தனியாக வளர்கிறது என்பதால் அது சினையாக இருக்க வாய்ப்பில்லை என்று கருதக் கூடாது.

அறிகுறிகள் தோன்றும் வரிசை

1. சினைமுட்டை வளர்தல்: சினைப்பையில் மஞ்சள் கரு சேர்ந்து சினைமுட்டைகள் பெரிதாகின்றன. தொடக்கத்தில் பாம்பு வழக்கத்தைவிட ஆர்வமாக இரை எடுக்கும். பிறகு இரையை மறுக்கத் தொடங்கும். கூண்டின் குளிர்ந்த பகுதியைத் தேடிப் படுத்தல், நீர்க் கிண்ணத்தைச் சுற்றிக் கிடத்தல், உடலின் ஒரு பகுதியை வயிறு மேலாகத் திருப்பிப் படுத்தல் ஆகியவை இக்காலத்தில் காணப்படும். உடல் நிறம் சற்று வெளிறுவதும் உண்டு.

2. சினைமுட்டை வெளிப்படுதல்: உடலின் நடுப்பகுதி, பெரிய இரையை விழுங்கியதுபோல் திடீரெனப் புடைக்கும். இப்புடைப்பு ஏறத்தாழ ஒரு நாள் மட்டுமே நீடிப்பதால் பலர் இதைக் காணத் தவறிவிடுகின்றனர். அண்மையில் இரை எடுக்காத பாம்பிடம் இப்புடைப்பு தோன்றினால் அது வலுவான அறிகுறியாகும்.

3. சட்டை உரித்தல்: சினைமுட்டை வெளிப்பட்டு ஏறக்குறைய மூன்று வாரத்தில் பாம்பு சட்டை உரிக்கும். இதிலிருந்து சுமார் 30 நாட்களில் பந்து மலைப்பாம்பு முட்டையிடும். சோளப் பாம்பில் இந்த இடைவெளி சுமார் 10 நாட்கள்தான். முட்டையிடும் நாளைக் கணக்கிட இந்த நாளே அடிப்படை என்பதால், சட்டை உரித்த தேதிகளைக் குறித்து வைப்பது இன்றியமையாதது.

4. இறுதி நாட்கள்: உடலின் பின்பாதி பருத்து, செதில்களுக்கு இடையே தோல் தெரியும். பக்கவாட்டில் மேடு பள்ளங்கள் புலப்படலாம். பாம்பு அமைதியின்றி அலைந்து, மறைவான ஈரப்பதமுள்ள இடத்தைத் தேடும்.

சினையைப் போல் தோன்றும் பிற நிலைகள்

- இரை: புடைப்பு ஓரிடத்தில் இருக்கும், சில நாட்களில் குறைந்துவிடும்.
- மலச்சிக்கல்: எச்சத்துளைக்குச் சற்று முன்னால் கெட்டியான ஒற்றைப் புடைப்பு காணப்படும்.
- உடற்பருமன்: உடல் முழுவதும் சீராகப் பருத்திருக்கும், வாலின் அடிப்பகுதியிலும் கொழுப்புச் சேர்ந்திருக்கும். சினைப் பாம்பிலோ பருமன் எச்சத்துளையோடு நின்று, வால் மெலிந்து காணப்படும்.
- கட்டி அல்லது உறுப்பு வீக்கம்: முன்னர் கூறிய வரிசை எதுவுமின்றி மெதுவாக வளரும். ஆண் பாம்பிலும் தோன்றலாம்.

தொட்டுப் பார்த்தலும் மருத்துவச் சோதனையும்

பழக்கமுள்ளவர்கள் பாம்பைத் தம் விரல்களின் மேல் ஊரவிட்டு, உள்ளே உருண்டைகள் வரிசையாகக் கடந்து செல்வதை உணர்வர். விரலால் அழுத்தித் தேடக் கூடாது. அழுத்தத்தில் முட்டை உடைந்தால் மஞ்சள் கரு உடற்குழிக்குள் கசிந்து, உயிருக்கு ஆபத்தான அழற்சியை உண்டாக்கும். சட்டை உரித்த பின் உள்ள காலத்தில் பாம்பைத் தேவையின்றிக் கையாளாமல் இருப்பதே நல்லது.

ஐயம் இருந்தால் ஊர்வனவற்றில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் செய்து உறுதி செய்யலாம். தொடக்கநிலையிலுள்ள சினைமுட்டைகளையும் ஸ்கேன் காட்டும். பாம்பு முட்டையின் ஓடு தோல் போன்றது. பறவை முட்டையைவிடச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தது. அதனால் எக்ஸ்ரே படத்தில் அது மங்கலாகவே தெரியும்.

முட்டை அடைப்பு

சினையை முன்கூட்டியே அறிவதன் முதன்மைப் பயன் முட்டை அடைப்பைத் தவிர்ப்பதாகும். முட்டைகள் வெளிவராமல் உள்ளேயே தங்கிவிடும் நிலையே முட்டை அடைப்பு. முட்டையிட ஏற்ற இடம் இல்லாமை, நீர்ச்சத்துக் குறைவு, உடற்பருமன், தசை வலுவின்மை, முட்டையின் ஒழுங்கற்ற வடிவம் ஆகியவை இதற்குக் காரணங்கள். ஈரமான பாசி நிரப்பிய, பாம்பு சுருண்டு படுக்கும் அளவுள்ள மூடிய பெட்டி ஒன்றைச் சட்டை உரித்தவுடனேயே கூண்டில் வைத்தால் முதல் காரணம் நீங்கும். இக்காலத்தில் இரை எடுக்காதது இயல்பே. வற்புறுத்தி ஊட்டக் கூடாது. தூய நீர் எப்போதும் இருக்க வேண்டும்.

பந்து மலைப்பாம்பு பெரும்பாலும் 4 முதல் 8 முட்டைகளை ஒரே முறையில் இட்டு, அவற்றைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். சில முட்டைகள் வந்தபின் எஞ்சியவை வெளிவராமல் நின்றுவிடுதல், எதிர்பார்த்த நாள் கடந்தும் முட்டையிடாதிருத்தல், முக்கிக்கொண்டே சோர்ந்து கிடத்தல், எச்சத்துளை வீங்குதல் அல்லது அதில் குருதி கசிதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். வீட்டில் முட்டையைப் பிதுக்கி எடுக்க முயன்றால் முட்டைக்குழாய் கிழியக்கூடும். மருத்துவர் ஊசி மருந்து தருவார். தேவைப்பட்டால் முட்டையின் உள்நீர்மத்தை உறிஞ்சி அதன் அளவைக் குறைப்பார். அதுவும் பயன் தராவிட்டால் அறுவை செய்வார்.

முட்டைகளைக் கையாளுதல்

கருவுள்ள முட்டை வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். கருவுறாதது சிறிதாக, மஞ்சள் நிறத்தில் இருக்கும். வளரும் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், பறவை முட்டையைத் திருப்புவதுபோல் பாம்பு முட்டையைத் திருப்பக் கூடாது. இடம் மாற்ற நேர்ந்தால் மேற்புறத்தில் அடையாளமிட்டு அதே நிலையில் வைக்க வேண்டும். 31 முதல் 32 பாகை செல்சியசு வெப்பத்தில் பந்து மலைப்பாம்பின் முட்டைகள் ஏறக்குறைய 55 முதல் 60 நாட்களில் பொரிக்கும்.

இந்தியச் சட்டநிலை

இந்தியாவில் நல்லபாம்பு, சாரைப்பாம்பு, மலைப்பாம்பு போன்ற உள்நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். பந்து மலைப்பாம்பு, அழியும் நிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. ஆகவே அதை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். குஞ்சுகள் பிறந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.