நீருக்குள் மூழ்கிய பாகம்

பாக் நீரிணையின் இரு கரைகளிலும், கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்புரங்களிலும் மணல்மேல் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளைப் பார்க்கிறவர்களுடைய கண், பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரின் பளபளப்பான தலையின்மீதும், அதில் பெரிய எழுத்தில் பொறித்திருக்கும் குதிரைசக்தி எண்ணின்மீதுமே முதலில் விழுகிறது. விலை பேசும்போதும், கடன் வாங்கும்போதும், பக்கத்துப் படகுக்காரரோடு ஒப்பிட்டுப் பெருமைப்படும்போதும் அந்த எண்ணே பிரதானமாகிவிடுகிறது. ஆனால் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ எரிந்து உண்டாகிற அந்தச் சக்தி முழுவதும் செங்குத்தான ஒரு தண்டின் வழியாகக் கீழே இறங்கி, கியர்களில் திசை திரும்பி, மூன்று இறக்கைகள் கொண்ட ஒரு சிறு உலோகத் துண்டின் மூலமாகத்தான் கடலைத் தொடுகிறது. புரொப்பெல்லர் என்னும் அந்தத் துண்டு படகுக்குப் பொருந்தாவிட்டாலும், அதைச் சுழற்றுகிற கியர் பெட்டிக்குள் உப்புநீர் புகுந்துவிட்டாலும், மேலே எத்தனை குதிரைகள் பூட்டியிருந்தும் பிரயோஜனமில்லை.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் யந்திரத் தொழில் நடத்திய ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சிறிய மோட்டாரிலேயே, என்ஜின் மேலே, தண்டு நடுவே, கியரும் புரொப்பெல்லரும் அடியில் என்ற அமைப்பு வந்துவிட்டது. அதற்குப் பின்பு என்ஜின் எவ்வளவோ மாறியிருந்தும் அந்த அமைப்பு அப்படியே நிலைத்திருக்கிறது. புரொப்பெல்லரின் சரித்திரம் அதைவிடப் பழையது. 1836-இல் உரிமைப்பத்திரம் பெற்ற பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், ஒரு நீண்ட மரத்திருகைப் படகில் பொருத்திக் கால்வாயில் பரீட்சித்தபோது, திருகில் பாதி எதிலோ மோதி உடைந்து போயிற்று. போன பாதிக்காக வருத்தப்பட நேரமில்லாமல் படகு முன்னிலும் வேகமாக ஓடத் தொடங்கியது. நீரில் அதிகப் பரப்பை வைத்துச் சுழற்றுவதாலேயே அதிக உந்துதல் கிடைத்துவிடாது என்ற உண்மை அவ்வளவு வேடிக்கையாக வெளிப்பட்டது. ஆயினும் கடையில் புரொப்பெல்லர் வாங்கும்போது ‘பெரியதாகப் பார்த்துக் கொடுங்கள்’ என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் குறைந்தபாடில்லை.

புரொப்பெல்லரின் குடத்தில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது, இறக்கைகளின் நுனிகள் சுழன்று வரைகிற வட்டத்தின் குறுக்களவு. இரண்டாவது பிட்ச் என்பது. மரத்துக்குள் திருகாணி ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று முன்னேறுவதுபோல, நீர் சிறிதும் வழுகாத ஒரு கற்பனையான நிலையில் புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே செல்லும் என்பதே அந்த இரண்டாம் எண்ணின் பொருள். என்ஜின் நிமிஷத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றுகிறது, கியர் அதை இரண்டில் ஒன்றாகக் குறைக்கிறது, பிட்ச் 11 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு 2,500 தடவை சுற்றி, கணக்கின்படி மணிக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓட வேண்டும். நீர் மரமல்லாதபடியால் நூற்றுக்கு இருபது பங்கு வழுக்கலில் போகிறதென்றால் கையில் நிற்பது 33 அல்லது 34 கிலோமீட்டர். வலையும் பனிக்கட்டியும் ஏற்றிய கனமான படகில் இந்த வழுக்கல் இன்னும் கூடும். அதைக் குற்றமென்று கருதவேண்டியதில்லை, ஏனென்றால் நீரைப் பின்னே தள்ளாமல் எந்தப் படகும் முன்னே போனதில்லை.

பிட்ச் அதிகமானால் வேகமும் அதிகமாகும் என்று இந்தக் கணக்கிலிருந்து முடிவு கட்டுவதுதான் பலருடைய மோட்டாருக்கு எமனாக வந்து முடிகிறது. பிட்ச் கூடக்கூட ஒவ்வொரு சுற்றிலும் என்ஜின் தள்ளவேண்டிய நீரும் கூடுகிறது. தாங்கமுடியாத பாரத்தை ஏற்ற என்ஜின், விசையை முழுவதும் திருகியபோதும் தனக்கு உரிய சுழற்சியை எட்டாமல் திணறி, சூடேறி, கரி பிடித்து, பிஸ்டனைக் காலத்துக்கு முன்பே தேய்த்துக்கொள்ளும். பிட்ச் மிகக் குறைந்தால் எதிரிடையான தீங்கு: என்ஜின் வரம்பு கடந்து சுழன்று தன்னைத்தானே குலைத்துக்கொள்ளும். ஆகையால் முழு விசையில் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றிலிருந்து எத்தனை சுற்றுவரை ஓடவேண்டும் என்று மோட்டார்க் கம்பெனி கைப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் வரம்பே இவ்விஷயத்தில் பிரமாணம். கைப்பிடி வைத்த சிறு மோட்டார்களில் சுழற்சிமானி இராது என்றாலும், ஸ்பார்க் பிளக்கின் கம்பியில் மாட்டிப் பார்க்கும் சிறு கருவியைத் தேர்ந்த மெக்கானிக்குகள் வைத்திருப்பார்கள். பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுழற்சி உத்தேசமாக 150 முதல் 200 வரை ஏறும், கூட்டினால் அவ்வளவே இறங்கும் என்பது தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு.

இந்தப் பரீட்சையைக் காலிப் படகில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு செய்வதில் யாதொரு பயனுமில்லை. எண்ணெய்க் கேன்களும், வலையும், பனிக்கட்டிப் பெட்டியும், வழக்கமாகப் போகிற ஆட்களும் ஏறியபின் எந்தப் புரொப்பெல்லர் என்ஜினை அந்த வரம்பின் மேற்பகுதிக்குக் கொண்டுபோகிறதோ அதுவே தொழிலுக்கு ஏற்றது. திரும்பும்போது மீனின் கனம் வேறு சேரும் என்பதையும் மறக்கக்கூடாது. சுமை படகுக்குக் குறுக்களவு சற்று அதிகமாகவும் பிட்ச் குறைவாகவும் உள்ள புரொப்பெல்லரே உகந்தது என்பது என் அபிப்பிராயம். வெறும் படகில் கரைக்கு எதிரே பாய்ந்து காட்டுகிற வேகம் பார்வையாளர்களுக்கு இன்பமாயிருக்கலாம். எண்ணெய்க் கணக்குப் பார்க்கிறவருக்கு இராது.

உலோகத்தைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. எவர்சில்வர்ப் புரொப்பெல்லர் மெல்லியதாகவும் வலுவாகவும் இருப்பதால் வேகத்துக்கு நல்லது. ஆனால் மணல் திட்டும் பாறையும் மலிந்த ஆழம் குறைந்த கடலில், இடித்தவுடன் தானே வளைந்தும் உடைந்தும் கியரைக் காப்பாற்றிவிடுகிற அலுமினியமே புத்திசாலித்தனமான தேர்வு. பெரும்பாலான புரொப்பெல்லர்களின் குடத்துக்குள் ஒரு ரப்பர்ப் புஷ் இருப்பதும், மிகச் சிறிய மோட்டார்களில் எளிதில் முறியும் ஒரு ஆணி இருப்பதும் இதே நோக்கத்தோடுதான். என்ஜின் கூச்சலிட்டுக்கொண்டு சுழலும்போது படகு மட்டும் நகர மறுத்தால், கியர் போயிற்றென்று கலங்குவதற்கு முன்பு அந்த ரப்பர் வழுகுகிறதா என்று பார்ப்பது நலம். இறக்கை வளைந்த புரொப்பெல்லரை ‘ஓடுகிறவரை ஓடட்டும்’ என்று விட்டுவைப்பவர்கள், அதன் அதிர்ச்சியால் பேரிங்கும் சீலும் கெட்டு, புரொப்பெல்லர் விலையைப்போலப் பல மடங்கு பின்னால் செலவழிக்கிறார்கள்.

மோட்டாரைப் பின்பலகையில் மாட்டும் உயரமும் இதோடு சேர்ந்த விஷயமே. புரொப்பெல்லருக்குச் சற்று மேலே கிடையாக நீட்டியிருக்கும் தகடு, படகின் அடிமட்டத்துக்கு ஏறக்குறைய நேராக நிற்கவேண்டும். அது மிக உயர்ந்துவிட்டால் திருப்பங்களிலும் அலை முகட்டிலும் மேற்பரப்புக் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, புரொப்பெல்லர் பிடிப்பிழந்து வீணாகச் சுழலும். அழுத்தம் குறைந்த இடத்தில் நீரே ஆவிக்குமிழிகளாகிப் பின்பு உடைவதால் இறக்கையை அரிக்கிற தொல்லை இதனின்று வேறு. சார்லஸ் பார்சன்ஸ் தமது ‘டர்பினியா’ கப்பலை 1894-இல் முதலில் ஓட்டியபோது எதிர்பார்த்த வேகம் கிட்டாமற் போனதற்கு இந்தக் குமிழிகளே காரணமாக இருந்தன. சிறு படகுகளில் நாம் காண்கிற பிடிப்பிழப்பு பெரும்பாலும் காற்றினால் வருவதுதான்.

இனி, புரொப்பெல்லருக்கு முன்னால் மீனின் உடல்போல் வழவழப்பாக இருக்கும் கியர் பெட்டி. இதற்குள் தண்டின் நுனியிலுள்ள சிறு பல்சக்கரமும், முன்னோட்டத்துக்கும் பின்னோட்டத்துக்கும் உரிய இரண்டு பல்சக்கரங்களும், சிறிய மோட்டார்களில் அரை லிட்டரைக்கூட எட்டாத கியர் ஆயிலில் மூழ்கி இருக்கின்றன. அந்த ஆயிலை நூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறையேனும் மாற்றும்படி பெரும்பாலான கைப்புத்தகங்கள் கூறுகின்றன. மாற்றுவதிலும் ஒரு முறை உண்டு. மோட்டாரை நிமிர்த்தி வைத்து, கீழ்த் திருகைக் கழற்றிவிட்டு மேல் திருகையும் திறந்தால்தான் காற்றுப் புகுந்து ஆயில் முழுவதும் வடியும். புதிய ஆயிலை மேலிருந்து ஊற்றாமல், கீழ்த் துவாரத்தின் வழியே மெள்ள ஏற்றி, மேல் துவாரத்தில் குமிழி இல்லாமல் வழிந்தபின்பு முதலில் மேல் திருகையும் அப்புறம் கீழ்த் திருகையும் மூடவேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிக்கி, பெட்டி நிறைந்துவிட்டதென்று நம்மை ஏமாற்றிவிடும். திருகுகளின் வாஷர்களைப் புதிதாகப் போடுவதில் லோபம் பார்க்கிறவர்கள் உப்புநீருக்கு வாசல் திறந்து வைக்கிறார்கள்.

வடிந்த ஆயிலே பெட்டியின் ஆரோக்கியத்தைத் தெரிவிக்கும் சாட்சி. கறுத்திருந்தால் வயதாகிவிட்டது என்பதற்கு மேல் கவலையில்லை. திருகின் காந்தத்தில் மாவுபோல ஒட்டியிருக்கும் நுண்ணிய தூளும் சகஜம். பால் கலந்த காப்பிபோல வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. விரலில் தட்டுப்படும் உலோகச் சில்லுகள் வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது.

நீர் எப்படிப் புகுகிறது என்பதற்கு நம்முடைய கடலில் விசேஷமான ஒரு பதில் உண்டு. தங்கூசி வலையும் தூண்டில் நரம்பும் கடலெங்கும் கிடக்கிற இடத்தில், அறுந்த நரம்பு ஒன்று சுழலும் புரொப்பெல்லரில் சிக்கி, குடத்துக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இறங்கி, தண்டைச் சுற்றிச் சுற்றி இறுகி, ஓட்டத்தின் சூட்டில் கெட்டியாகி, ரப்பர் சீலின் உதட்டைச் சிறிது சிறிதாக அறுத்துவிடுகிறது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஆகவே வலைத் தொழில் செய்கிறவர் அடிக்கடி, எனக்குத் தோன்றுகிறபடி மாதம் ஒரு முறையேனும், விசைச் சாவியையோ பாதுகாப்புக் கயிற்றையோ முதலில் எடுத்து வைத்துவிட்டு, புரொப்பெல்லரைக் கழற்றி, நரம்பை வெட்டி நீக்கி, தண்டின் வரிகளில் கடலுக்கு உரிய கிரீஸைத் தடவி, வாஷர்களை எடுத்த வரிசையிலேயே திருப்பிப் பூட்டுவது நல்லது. கிரீஸ் தடவாத புரொப்பெல்லர் உப்பில் இறுகிப்போனால் சம்மட்டியைத் தவிர வேறு எதற்கும் அசையாது. சம்மட்டி பட்ட பேரிங் பழையபடி ஆவதில்லை.

பெட்டியின் தலைமேல் இருக்கிற நீர்ப்பம்பின் ரப்பர்ச் சக்கரம், கடல்நீரை மேலே ஏற்றி என்ஜினைக் குளிர்விக்கிறது. நீரில்லாமல் ஒரு நிமிஷம் ஓட்டினாலும் அதன் இதழ்கள் கருகிவிடக்கூடும் என்பதால், கரையில் வெறுமனே என்ஜினை உறுமவைத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பின்புறத் துவாரத்திலிருந்து பீச்சும் நீர்த்தாரை மெலிந்தால் உடனே நிறுத்திச் சோதிப்பதும், தொழில் முடிந்து வந்ததும் நன்னீரில் சிறிது நேரம் ஓட்டி உப்பைக் கழுவுவதும் அவசியம். உலோகத்துக்குப் பதிலாகத் தானே அரிபட்டுக் கரைவதற்கென்று பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டிக்கு அழகுக்காகச் சாயம் பூசுகிறவர்களையும் பார்க்கிறோம். சாயம் பூசிய துத்தநாகம் வேலை செய்யாது. பாதி கரைந்ததும் அதை மாற்றிவிட வேண்டும்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், பெரிய படகுக்காரர்களுக்குப் பழுதுபார்க்க ஒரு பருவம் தானாகவே அமைந்துவிடுகிறது. அந்தத் தடைக்கு உட்படாத சிறு ஃபைபர் படகுகளுக்கு அப்படியொரு கட்டாய ஓய்வு இல்லை. வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கிற நாட்களைத்தான் அவர்கள் ஆயிலுக்கும் பம்புக்கும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் மோட்டாரை இடத்துக்காகப் படுக்கவைக்காமல், பலகைச் சட்டத்தில் நிமிர்த்தியே நிறுத்தினால், உள் வழிகளில் தங்கியிருக்கும் நீர் தானாக வடிந்துவிடும்; சில நாள் கழித்து, கீழ்த் திருகைச் சற்றே தளர்த்தி, முதலில் கசிவது நீரா ஆயிலா என்று பார்த்தால், ஆயிலைவிடக் கனமான நீர் பெட்டியின் அடியில் தங்கியிருக்கிறதா என்பது கடலில் இறங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.