உப்புக்காற்றும் பின்கண்ணாடியும்

பழைய எஸ்.யூ.வி. ஒன்றை வாங்க விழையும் அந்தமான் வாடிக்கையாளர்கள் என்ஜினையும் டயரையும் பார்த்த பின்னர், வண்டியின் பின்புறம் சென்று சற்று நேரம் நிற்பது நலம். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய போர்ட் பிளேயரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. உப்புக்காற்றுக்கோ ஓய்வே இல்லை. ரப்பர் பட்டையின் அடியில் தங்கும் நீரால் தகடு துருவேறிப் பருக்கும்போது கண்ணாடியின் விளிம்பு நெருக்கப்படுகிறது.

முன்கண்ணாடி இரு ஏடுகளுக்கிடையே பிளாஸ்டிக் வைத்துச் செய்யப்படுவது. விரிசல் விட்டாலும் உதிராது. பின்கண்ணாடி பெரும்பாலும் சூடேற்றி விரைந்து குளிர்வித்துக் கடினமாக்கப்பட்டது. அதன் முகம் வலியது, விளிம்போ மெலியது. விளிம்பில் ஊறு நேர்ந்தால் முழுக் கண்ணாடியும் நொடியில் பொடித் துண்டுகளாகிவிடும். நின்ற வண்டியில் கண்ணாடி தானே உடைந்தது என்போர் எல்லாரும் கற்பனை செய்பவர்கள் அல்லர்.

மேல்நோக்கித் திறக்கும் கதவுகளில் வேறொரு இடர் உண்டு. தாங்கும் வாயுத் தண்டுகள் வலுவிழந்தால் கதவு தலையில் இறங்கும். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 2002, 2003 ஆண்டுகளின் எக்ஸ்புளோரர் வண்டிகளை 2004-இல் திரும்ப அழைத்ததும் பின்கண்ணாடியின் இணைப்புகள் தளர்ந்து அது உடைந்து விழக்கூடும் என்பதற்காகவே.

உடைந்த கண்ணாடியோடு 'ஊர் போய்ச் சேர்வோம்' என்று புறப்படுவது தவறு. ஓடும் வண்டியின் பின்னே காற்றழுத்தம் குறைவதால், புகைக்குழாயின் கார்பன் மோனாக்சைடு உள்ளே இழுக்கப்படும்; அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஜிர்காட்டாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா காப்பகத்தின் ஊடே வரிசையாகத்தான் செல்ல வேண்டும். விருப்பம்போல் நிறுத்தவோ முந்தவோ இயலாது என்பதையும் நினைவிற் கொள்க.

இனிப் பணத்தின் பக்கம் வருவோம். குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு ஆணையிடும் அதிகாரத்தை 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 110ஏ பிரிவு அரசுக்கு அளித்தது. அதன் விதிகள் 1-4-2021 முதல் நடைமுறையில் உள்ளன. ஆயினும் அவை ஏழாண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே பொருந்தும். பழைய வண்டிக்காரர், நிறுவனம் தானே முன்வந்தால் அன்றி, இவ்வழியில் பயன்பெற இயலாது. விற்பனை நிலையம் குறையை மறைத்து விற்றிருந்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்; நுகர்வோர் ஆணையத்தை இரண்டாண்டுகளுக்குள் அணுகவேண்டும்.

முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பர். துருவும் இயல்பான தேய்வும் காப்பீட்டில் அடங்கா. ஆகவே துருவால் உடைந்தது என்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டால் செலவு உங்களுடையதே. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்போருக்கு இதில் எதுவும் கிடைக்காது. வண்டி பட்டறையில் நின்றாலும், உதிரிபாகம் சென்னையிலிருந்து கப்பலில் வரும்வரை காத்திருந்தாலும், கடன் தவணை நாள் மாறாது.

எனவே முன்பணம் தருமுன் பின்கண்ணாடியின் மேல் பத்து நிமிடம் குழாய்நீர் பாய்ச்சி, உள்விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் தென்பட்டால் அதை எழுத்தில் குறித்து, விற்பவரின் கையொப்பம் பெற்ற பிறகே விலை பேசுங்கள்.