முதுமைப் பூனையும் சிறுநீரக நோயும்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

"ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. பூனைக்கு வரும் காலங்களில் முதுமைக் காலமும் ஒன்று. எலி பிடிக்கும் வரையில் வீட்டில் அதற்கு மதிப்பு உண்டு. பல்லும் நகமும் தேய்ந்த பின்னர் அதனை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முதுமையில் பூனைகளுக்குப் பரவலாக வரும் நாட்பட்ட சிறுநீரக நோயைப் பற்றியும், அந்நோயுற்ற பூனையைப் பேணும் முறையைப் பற்றியும் இங்குக் காண்போம். பாடத்தில் படித்தவற்றோடு, எங்கள் வீட்டில் 13 ஆண்டுகளாக வளரும் பூனையிடம் கண்டவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நோயின் தன்மை

இரத்தத்திலுள்ள கழிவுகளை வடித்து வெளியேற்றுவது சிறுநீரகத்தின் பணி. இவ்வேலையைச் செய்யும் நுண்ணிய வடிகுழல்களுக்கு நெஃப்ரான்கள் என்று பெயர். மனிதனின் ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. பூனைக்கோ ஏறத்தாழ 2 லட்சமே. அழிந்த நெஃப்ரான் மீண்டும் முளைப்பதில்லை.

வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவின் காட்டுப் பூனையே என்பதை 2007-ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. வறண்ட நிலத்தில் வாழ்ந்த இனமாதலால், சிறுநீரை மிகவும் செறிவாக்கி நீரைச் சேமிக்கும் ஆற்றல் பூனைக்கு உண்டு. நெஃப்ரான்களில் சுமார் மூன்றில் இரு பங்கு அழிந்ததும் இவ்வாற்றல் குன்றுகிறது. சிறுநீர் நீர்த்துப்போய் மிகுதியாக வெளியேறுகிறது, தாகம் கூடுகிறது. சுமார் முக்கால் பங்கு அழிந்த பிறகுதான் இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருள் தெளிவாக உயரும்.

அறிகுறிகள்

மிகுந்த தாகம், எடை குறைதல், மயிர் பொலிவிழத்தல், வாந்தி, வாய் நாற்றம் ஆகியவை முக்கிய அறிகுறிகள். எங்கள் பூனையிடம் இதை முதலில் கண்டவர் என் தாயார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "தண்ணீர்ப் பக்கமே போகாத பூனை, இப்போது தொட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறதே" என்றார். என் பாடப்புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்!

சர்க்கரை நோயிலும் தைராய்டு மிகைப்பிலும் இதே அறிகுறிகள் தோன்றக்கூடும். ஆகவே இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. அரசு கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். கிரியேட்டினின் அளவு 3.4 மில்லிகிராம் என வந்தது. இந்நோயை நான்கு நிலைகளாகப் பிரிப்பர். எங்கள் பூனை மூன்றாம் நிலையில் இருந்தது. இந்நோய் தீருமா? தீராது. ஆனால் அதன் வேகத்தைக் குறைக்கலாம்.

பேணும் முறை

உணவு: இந்நோயில் பாஸ்பரஸைக் குறைப்பதே தலையாயது. இதற்கென விற்கும் தனி உணவு பூனையின் ஆயுளை நீட்டுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. விலை எங்களுக்கு எட்டவில்லை. எனவே மருத்துவரைக் கேட்டு, முள்ளோடு தின்னும் சிறுமீனையும் கருவாட்டையும் நிறுத்தினோம். உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியை அதன் சாற்றோடு கொடுக்கிறோம். முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். தயிர்சோறு மட்டும் போட்டு வளர்ப்பது தவறு. பூனை புலால் உண்ணி. டாரின் என்னும் சத்து புலாலிலிருந்தே அதற்குக் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது; வயிற்றுப்போக்கில் உடல்நீர் மேலும் வற்றும்.

நீர்: அகன்ற பாத்திரங்களில் இரண்டு மூன்று இடங்களில் நல்ல தண்ணீர் வைக்க வேண்டும். குடித்தது போதாதபோது தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் ஏற்றுவர். அதை மருத்துவர் எனக்குச் செய்து காட்டினார். ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மி.லி.; என் தாயார் மடியில் வைத்துக்கொள்வார், நான் தோள்பட்டைத் தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியைச் செலுத்துவேன். அங்கு எழும் வீக்கம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

மருந்து: நாம் உண்ணும் காய்ச்சல், வலி மாத்திரைகளைப் பூனைக்குத் தரவே கூடாது. பாராசிட்டமாலைச் சிதைக்கும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கலாம்.

எடை: வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வைக்க வேண்டும். நான் பையில் போட்டு மளிகைக்கடைத் தராசில் நிறுக்கிறேன். 3.8 கிலோவிலிருந்து 2.9 வரை இறங்கிய எடை, நான்கு மாதமாக 3 கிலோவில் நிற்கிறது.

செலவு தகுமா?

"கூலி வேலை செய்யும் வீட்டில் கிழட்டுப் பூனைக்கு ஊசியா?" என்று அண்டை வீட்டார் கேட்டனர். நியாயமான கேள்விதான். என் தேர்வுக் கட்டணமும் பூனையின் மருந்தும் ஒரே டப்பாவிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. என் தந்தையார் கணக்குப் பார்ப்பவர். அவர் சொன்னது: "பத்து வருஷம் நெல்மூட்டையைக் காத்தது. அந்த நெல்லில் வளர்ந்தவன்தானே நீ." அதன்பின் அக்கேள்வி எங்கள் வீட்டில் எழவில்லை.

எனினும் இச்சிகிச்சைக்கு ஓர் எல்லை உண்டு. தானாக உண்கிறதா, உடலை நக்கிச் சுத்தம் செய்கிறதா, கூப்பிட்டால் வருகிறதா என்று நாள்தோறும் கவனிக்க வேண்டும். இவை மூன்றும் நின்று, துன்பம் மட்டுமே எஞ்சினால், வலியற்ற முடிவைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதும் அன்பின் கடமையே.

நண்பர்களே! உங்கள் வீட்டுப் பூனைக்குப் பத்து வயது கடந்துவிட்டதா? அது குடிக்கும் தண்ணீரை இன்றே கவனியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பேசத் தெரியாத உயிரின் நோயை நாம்தான் பார்த்து அறிய வேண்டும்.